திறந்த கதவும் அடைபட்ட வழியும்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேறுவதற்கு 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18-ஆம் தேதிக்குள் அனுமதி பெற்றவர்கள் வரலாம், அதற்குப் பிறகு பெற்றவர்கள் மறு உத்தரவு வரையில் வரலாகாது என்று அந்தத் தேசத்து அரசாங்கம் கொரோனாப் பெருந்தொற்றின் ஆரம்பத்தில் வகுத்த விதி, படிப்பிலும் உத்தியோகத்திலும் வயதிலும் யாதொரு வேற்றுமையும் இல்லாத மனிதர்களை, ஒரு கடிதத்தில் இருந்த தேதியை மட்டுமே கொண்டு இரு கூறாகப் பிரித்துவிட்டது. முதல் கூறில் அகப்பட்டவர்களுக்குச் சட்டம் வழிவிட்டது. ஆனால் இந்தியாவிலிருந்து புறப்பட விமானம் இல்லை. இரண்டாம் கூறில் அகப்பட்டவர்களுக்குச் சில மாதங்கள் கழித்து விமானம் கிடைக்கும்போல இருந்தது. ஆனால் சட்டம் வழிவிடவில்லை. சென்னை வில்லிவாக்கத்தில் இருந்த என் தங்கையின் மகளும் அவள் கணவரும் அவர்களுடைய பெண் குழந்தையும் இந்த இரண்டாம் கூறைச் சேர்ந்தவர்கள். மார்ச் மாதக் கடைசி வாரத்துத் தேதியிட்ட கடிதம் அவர்களுடையது.

இந்தக் கடிதத்தைப் பெறுவதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அறியாதவர்களுக்கு, அது கைக்கு வந்த பிறகு நின்றுபோவதன் வேதனையும் விளங்காது. பட்டங்களை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி மதிப்பீடு செய்விக்க வேண்டும், ஐ.இ.எல்.டி.எஸ். போன்றதோர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். வயது, படிப்பு, அனுபவம், மொழி இவற்றுக்கெல்லாம் புள்ளி போட்டு, அந்தப் புள்ளிகளின் வரிசையில் நம் முறை வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தபின் போலீஸ் நற்சான்று, முந்தைய எஜமானர்கள் எல்லாரிடமிருந்தும் அனுபவச் சான்று, கனடா அரசாங்கம் அங்கீகரித்த வைத்தியரிடம் பரிசோதனை என்று ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். அங்கே போய் உத்தியோகம் கிடைக்கும் வரையில் பிழைப்பதற்குக் கையில் பணம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். மூவர் கொண்ட குடும்பத்துக்கு 2020-இல் விதித்திருந்த தொகை 19,836 கனடா டாலர், அதாவது நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். இத்தனையும் முடிந்து, ஜனங்கள் ‘சி.ஓ.பி.ஆர்.’ என்று சொல்லும் உறுதிப் பத்திரம் வரும்போது, அந்த வீட்டில் அநேகமாக எல்லாரும் மனத்தளவில் பாதி தூரம் பிரயாணம் செய்துவிட்டவர்களாகவே இருப்பார்கள்.

அந்தப் பத்திரத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு என்பதுதான் இங்கே முக்கியமான விஷயம். வைத்திய பரிசோதனை பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் செல்லும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிவதாயிருந்தால் அந்தத் தேதி வரைக்குந்தான் பத்திரம் செல்லும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டோ ஐந்து ஆண்டுகளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு. சாதாரண காலத்தில் இந்தக் கெடுக்கள் ஒன்றையொன்று இடிப்பதில்லை; பத்திரம் வந்த சில மாதங்களுக்குள் புறப்பட்டுவிடலாம். அவசரமாகப் போக முடியாதவர்கள், அங்கே ஒரு வாரம் போய் இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, சாவகாசமாகக் குடித்தனத்தைக் கலைத்துக்கொண்டு போகும் வழக்கமும் இருந்தது. பெருந்தொற்று வந்ததும் அந்த வழக்கம் அடைபட்டது. நிரந்தரமாக வாசம் செய்யவே வருகிறேன் என்று காட்டுகிறவர்களுக்குத்தான் அனுமதி என்று ஆயிற்று. இப்படிப் பலவிதமான கெடுக்களின் நடுவில், எப்போது திறக்கும் என்று தெரியாத ஒரு கதவை நோக்கித் திட்டமிடுவது என்றால், ஒன்று செல்லுபடியாகும்போது மற்றொன்று காலாவதியாகும் என்பதே அன்றாட அனுபவமாகிவிடும். தங்கையின் மகளாகிய என் மருமகள், வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள். மூன்று பேரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பாஸ்போர்ட், மெடிக்கல், பி.சி.சி. (போலீஸ் நற்சான்று) என்று கட்டம் போட்டுத் தேதிகள். கடந்த தேதிகளின் மேல் சிவப்புக் கோடு. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வைத்திய பரிசோதனையின் கட்டத்திலும் சிவப்புக் கோடு விழுந்தது. பத்திரமும் அதோடு காலாவதி ஆயிற்று.

அரசாங்கங்கள் எல்லைகளை அடைத்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்று நிச்சயமாகத் தெரியாத அந்த ஆரம்ப மாதங்களில், தன் ஜனங்களைக் காக்கும் பொறுப்புள்ள எந்த அரசும் அதைத்தான் செய்திருக்கும். நம் தேசத்திலேயே மார்ச் 23-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்ட வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்து, 2022-ஆம் ஆண்டு மார்ச் 27 வரையில் மீளவில்லை; இடைக்காலத்தில் ‘வந்தே பாரத்’ விமானங்களும், 2020 ஜூலை முதல் ஒவ்வொரு தேசத்தோடும் தனித்தனியே செய்துகொண்ட ‘ஏர் பபிள்’ ஏற்பாடுகளுமே இருந்தன. வில்லிவாக்கத்திலிருந்து திருச்சியில் இருக்கும் மாமனார் மாமியாரைப் போய்ப் பார்த்து வருவதற்கே 2020-ஆம் ஆண்டின் மத்தியில் இ-பாஸ் வேண்டியிருந்தது என்னும்போது, டொரண்டோவுக்குப் போவதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள யாருக்கும் வாய் எழவில்லை. நான் கேட்பது வேறு. ஒருவரை வருக என்று அழைத்து, அவர் தகுதியைச் சோதித்து, எழுத்தில் வாக்கும் கொடுத்த பிறகு, அந்த வாக்கு என்ன ஆகும், எதுவரையில் காத்திருக்க வேண்டும், காத்திருக்கையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று சொல்லும் கடமை அழைத்தவருக்கு இல்லையா?

இவர்களுடைய நிலைமை விசித்திரமானது. தாய்நாட்டின் கணக்கில் இவர்கள் போகப்போகிறவர்கள். போகிற நாட்டின் கணக்கில் இன்னும் வராதவர்கள். வெளிநாட்டில் அகப்பட்டுக்கொண்ட பிரஜைகளை அழைத்துவரக் கப்பலும் விமானமும் அனுப்பினார்கள். உள்ளூரில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களைப் பற்றி எந்தச் சட்டசபையிலும் பேசுவதற்கு ஆள் இல்லை, ஏனெனில் இவர்கள் எந்தத் தொகுதிக்கும் வாக்காளர்களாக நிலைத்திருக்கப் போகிறவர்கள் அல்லர். கனடா அரசாங்கம் 2020-இல் 3,41,000 பேரை நிரந்தரவாசிகளாக ஏற்க உத்தேசித்திருந்தது. சுமார் 1,84,000 பேர்தான் ஆனார்கள். அடுத்த ஆண்டு 4,01,000 என்ற இலக்கைத் தாண்டவே செய்தார்கள், ஆனால் எப்படி? முன்பே அந்நாட்டுக்குள் படித்துக்கொண்டும் வேலை செய்துகொண்டும் இருந்தவர்களுக்கு வழியை அகலமாக்கினார்கள். 2021 பிப்ரவரி 13-ஆம் தேதி ஒரே நாளில் 27,332 பேருக்கு, அதுவரையில் யாரும் கேட்டிராத குறைந்த புள்ளியாகிய 75-இல் அழைப்பு அனுப்பப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்ததைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்களும் நம்மைப்போல் வீடு விட்டுப் போனவர்கள்தாம். ஆயினும், முன்பே கடிதம் பெற்று வெளியே காத்திருந்தவர்கள் அந்தச் செய்தியைப் படித்த இரவில் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகிக்க முடிகிறது.

நம் ஜனங்கள் நோய்க்கு அஞ்சிய அரசாங்கத்தின் வாசலில் காத்துநிற்பது இது முதல் தடவையும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப்போன தொழிலாளர்களை முதலில் தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையிலும், பிறகு மண்டபத்திலும் முகாமில் நிறுத்தி, அம்மை குத்தி, காலராவோ பிளேக்கோ இல்லை என்று தெரிந்த பின்னரே கப்பலேற விட்டார்கள். அதே மண்டபம் முகாம் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு இருப்பிடம் ஆயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனவர்களுக்கு அங்கே ஜெரஜாக் தீவில் அப்படியோர் இடம் இருந்தது. கங்காணியின் கையில் தம்மை ஒப்படைத்துவிட்டுப் போன அந்த ஏழைகளின் துயரத்தோடு, பட்டமும் வங்கிக் கணக்கும் உள்ள இந்தக் காலத்துப் பிரயாணிகளின் சிரமத்தைச் சமமாக வைப்பது நியாயமாகாது. ஆனால் ஒன்று சொல்லலாம்: மண்டபத்துக்குள் போனவனுக்கு, நோய் தென்படாவிட்டால் இத்தனை நாளில் வெளியே விடுவார்கள் என்ற கணக்கு ஒன்று இருந்தது. கணக்கு இருந்தால் மனிதனுக்குப் பொறுமையும் இருக்கும். 2020-இல் புறப்படக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்குதான் கிடைக்கவில்லை.

கணக்குத் தெரியாதபோது எதை முதலில் விடுவது, எதைக் கடைசியில் விடுவது என்பதே திட்டமிடுதலின் முழு சாரமும் ஆகிவிடுகிறது. மருமகள் ஒரு நாள் மாலை எனக்குப் போன் செய்து, “மாமா, ராஜிநாமாக் கடிதம் டைப் பண்ணி வெச்சிருக்கேன். எங்க ஆபீஸ்ல மூணு மாச நோட்டீஸ் பீரியட். இப்பவே குடுத்தாத்தான் சரியா வரும்னு அவர் சொல்றார். குடுத்துடட்டுமா?” என்று கேட்டாள். நான், “டிக்கெட் கையில வரட்டும்மா. வந்தப்புறம் மேனேஜர் காலைப் பிடிச்சாவது ஒரு மாசத்துல வெளியில வந்துக்கலாம். வேலை போயிடுச்சுன்னா திரும்ப யார் குடுப்பா இந்தக் காலத்துல?” என்றேன். நான் சொன்னதில் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்போது அதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டுத் தவித்தவர்கள் எத்தனையோ பேர். விமானம் வரும் என்று நம்பி வேலையை விட்டவர்கள், வாடகை வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு உறவினர் வீட்டு மாடியறையில் பெட்டிகளோடு குடியிருந்தவர்கள், குழந்தைக்குப் பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டு அடுத்த வகுப்பில் எங்கே சேர்ப்பதென்று தெரியாமல் நின்றவர்கள், ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு மறுபடி புதிதாக வாங்கியவர்கள். பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். உத்தியோகத்தையும் குழந்தையின் ஒரு வருஷப் படிப்பையும் அப்படி வாங்கிக்கொள்ள முடிவதில்லை. மீட்க முடியாத காரியங்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் செய்ய வேண்டும் என்ற இந்த ஒரே விதியைத்தான், இன்னொரு பெருந்தொற்று வந்து இன்னொரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டாலும் நான் சொல்வேன்.

மீட்க முடியாதவற்றில் முதலாவது பெற்றோர்கள். இதைச் சொல்லாமல் விமானத்தையும் விசாவையும் பற்றி எழுதுவது முறையாகாது. என் தங்கையின் கணவர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ஜனங்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றதும், ஆம்புலன்ஸ் வண்டிகள் ஆஸ்பத்திரி வாசல்களில் வரிசையாகக் காத்திருந்ததும் சென்னையில் இருந்தவர்கள் யாரும் மறக்கக்கூடியதல்ல. அந்த மாதத்தில்தான் அவருக்கும் கண்டது. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 91 காட்டுகிறது, 90 காட்டுகிறது என்று மணிக்கொரு தரம் எழுதிவைத்து, வாடகைக்கு ஆக்ஸிஜன் கான்ஸன்ட்ரேட்டர் தேடி அம்பத்தூர் வரையில் போய்க் கொண்டுவந்து, குப்புறப் படுக்கவைத்துக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் அந்த மகளும் மாப்பிள்ளையுந்தான். அவர் பிழைத்து எழுந்தார். முந்தின ஆண்டே போய்விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் அதே மாதத்தில் எத்தனையோ வீடுகளில், டொரண்டோவிலும் மெல்போர்னிலும் இருந்த பிள்ளைகள் தந்தையின் தகனத்தைச் செல்பேசித் திரையில் பார்த்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே, போகத் தீர்மானிக்கிற ஒவ்வொருவரும், தாம் இல்லாதபோது இங்கே ஆபத்து வந்தால் ஆக்ஸிஜனுக்கு ஓடப்போவது யார் என்று ஒரு பெயரைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த மனிதரிடம் நேரில் பேசி, பணத்துக்கும் வழி செய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். வைத்திய பரிசோதனைக்கு நாள் குறிப்பதைக் காட்டிலும் இது முக்கியமான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சமயத்தில் ஆஸ்திரேலியா அரசாங்கம் எல்லையை அடைப்பதையும் தாண்டிச் சென்றது. இந்தியாவில் பதினான்கு நாட்களுக்குள் இருந்தவர்கள், தம் தேசத்துப் பிரஜைகளே ஆனாலும், மே 3-ஆம் தேதி முதல் திரும்பி வந்தால் ஐந்தாண்டுச் சிறையோ 66,600 டாலர் அபராதமோ விதிக்கலாம் என்று உத்தரவிட்டது. மே 15-இல் அது காலாவதி ஆயிற்று. பிறந்த நாட்டிலிருந்து குடிபுகுந்த நாட்டுக்குத் திரும்புவது குற்றம் என்று எழுத்தில் வந்தது அன்றைக்கு. குடியுரிமை பெற்றவருக்கே இதுவானால், குடியுரிமைக்கு வெகுதூரத்தில் வாசலில் நிற்பவருடைய கதியைச் சொல்ல வேண்டியதில்லை. கனடாவோ இந்தியாவிலிருந்து நேராக வரும் விமானங்களை ஏப்ரல் 22-ஆம் தேதி இரவோடு நிறுத்திவிட்டது.

பிறகுதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக நான் வைத்த நிலைமை உண்டாயிற்று. 2021 ஜூன் 21-ஆம் தேதி முதல், செல்லுபடியாகும் உறுதிப் பத்திரம் உடையவர்கள் எல்லாரும், எந்தத் தேதியிட்டதானாலும், வரலாம் என்று கனடா அறிவித்தது. கதவு திறந்தது, ஆனால் இந்தியாவிலிருந்து நேரான வழி அடைபட்டே கிடந்தது. மூன்றாவது தேசம் ஒன்றுக்குப் போய், அங்கே ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொண்டு, நோய் இல்லை என்ற சான்றோடு அங்கிருந்து விமானம் ஏறினால் ஏற்போம் என்றார்கள். நம் பிள்ளைகள் அதற்கும் துணிந்தார்கள். மாலத்தீவு, மெக்ஸிகோ, எகிப்து, செர்பியா என்று பள்ளிக்கூடத்து வரைபடத்தில் மட்டுமே பார்த்த ஊர்களின் வழியாகப் போனார்கள். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு, இரண்டரை லட்சம் கேட்ட கதையெல்லாம் அப்போது சர்வசாதாரணமாகக் காதில் விழுந்தது. அந்நிய ஊரில் செய்யும் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் அங்கேயே அடைபட்டுக் கிடக்க வேண்டும். விசாவுக்கும் அறைவாடகைக்கும் யார் பொறுப்பு? சிறு குழந்தையோடு அந்தச் சாகசம் வேண்டாம் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் தடுத்தோம். அதற்குள் அவர்களுடைய காலாவதியான பத்திரத்துக்கு ஒரு விடிவு பிறந்திருந்தது. இன்னும் வர விருப்பம் உண்டா என்று கனடா குடிவரவுத் துறையிலிருந்து கேட்டு எழுதியிருந்தார்கள். உண்டு என்றதும், புது வைத்திய பரிசோதனையின் பேரில் பத்திரத்தைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போடச் சொல்லாமல், கொடுத்த வாக்கைத் தாங்களே தேடிவந்து புதுப்பித்தது அந்த அரசாங்கம் செய்த நல்ல காரியம். அதை ஒரு வருஷம் முன்னதாகவே, ‘கவலை வேண்டாம், உங்கள் பத்திரம் சாகாது’ என்று ஒரு வரியில் சொல்லியிருந்தால், எவ்வளவோ பேர் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள்.

தடுப்பூசியும் ஒரு கணக்காயிற்று. கோவிஷீல்டின் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்று நம் அரசாங்கம் மே மாதத்தில் நீட்டியிருந்தது. வெளிநாட்டில் படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் போகிறவர்களுக்கு இருபத்தெட்டு நாளிலேயே இரண்டாவது ஊசி போடலாம் என்றும், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம் என்றும் ஜூன் மாதத்தில் விதி செய்தார்கள். இது காலத்தில் செய்த உதவி. கோவாக்ஸின் போட்டுக்கொண்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது நவம்பர் 3-ஆம் தேதிதான். எந்த ஊசி கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்ட சாமானியர், அதன் பெயரால் பிரயாணம் நிற்கும் என்று எப்படி அறிவார்?

செப்டம்பர் 27-ஆம் தேதி நேர் விமானம் மீண்டது. அதிலும் ஒரு நிபந்தனை: டில்லி விமான நிலையத்தில் குறிப்பிட்ட ஒரே பரிசோதனைச் சாலையில், விமானம் புறப்படுவதற்கு முந்தின பதினெட்டு மணி நேரத்துக்குள் எடுத்த சான்று வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து கனடாவுக்கு நேர் விமானம் கிடையாது; எனவே தமிழ்நாட்டார் முதல்நாளே டில்லிக்குப் போய், பரிசோதனை கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, அது வந்த பிறகுதான் போகிறோமா இல்லையா என்று அறிய வேண்டியிருந்தது. அக்டோபரில் எங்கள் வீட்டார் புறப்பட்டபோது, தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசில் ஒவ்வொரு பெட்டியும் 23 கிலோவுக்கு மேல் போகாமல் என் தங்கை நிறுத்துப் பார்த்து, குக்கரை எடுத்துவிட்டு இட்லித் தட்டை வைப்பதா, பருப்புப்பொடியைக் குறைத்துவிட்டுக் குழந்தையின் கதைப் புத்தகங்களை வைப்பதா என்று நடுநிசி வரையில் மாற்றி மாற்றி அடுக்கினாள். வைத்த சாமான்களைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வரும்படி நேர்ந்தாலும் நேரலாம் என்பது எல்லார் மனத்திலும் இருந்தது. ஆகையால் வழியனுப்பும்போது ஒருவரும் பெரிதாக அழவில்லை. டில்லியிலிருந்து “மூணு பேருக்கும் நெகட்டிவ், மாமா” என்று மறுநாள் மருமகள் போனில் சொன்ன பிறகுதான் தங்கை அழுதாள்.

இப்போது என் தங்கை கணவர், தாமும் மனைவியும் ஒரு தடவை போய்ப் பேத்தியைப் பார்த்துவர வேண்டும் என்று பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். பெற்றோர்களுக்கென்று கனடா கொடுக்கும் ‘சூப்பர் விசா’வில் ஒரு தடவைக்கு இரண்டு ஆண்டு தங்கலாம் என்றிருந்ததை 2022 ஜூலை முதல் ஐந்து ஆண்டாக உயர்த்தியிருக்கிறார்கள், அதற்கு ஒரு லட்சம் டாலருக்கு வைத்தியக் காப்பீடு வேண்டும், சர்க்கரை வியாதிக்காரருக்கு அதன் தவணை அதிகம். “அவ்வளவு பணம் கட்டிப் போகணுமா மச்சான்?” என்று அவர் என்னைக் கேட்டார். “போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, வழி திறந்திருக்கும்போதே போங்க” என்று சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணைக்கு வந்த காவலர், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.